கிராப்பி மீன் பிடிப்பது எப்படி? புதிதாகத் தூண்டில் போடுபவர்களுக்கு

அமெரிக்க ஏரிகளில் தூண்டில் பழகுபவர்களுக்குக் கிராப்பி தோதான மீன். கூட்டமாகத் திரிவதால், ஒன்று மாட்டிய இடத்தில் இன்னும் சில மாட்டும். ஆனால் ஆழம் தவறினால் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் தக்கை அசையாது. கிராப்பி மேல்நோக்கிப் பார்த்து இரை தேடும் மீன். தனக்கு மேலே தொங்குவதை எழும்பி வந்து கவ்வும், கீழே கிடப்பதை அநேகமாகக் கண்டுகொள்ளாது. தூண்டிலில் மாட்டிய இரை, கிராப்பிக்கு ஒரு அடி மேலே நின்றால் பரவாயில்லை. ஒரு அடி கீழே போனால் வீண்.

கறுப்பு, வெள்ளை என இரண்டு வகை உண்டு. உடலில் தாறுமாறான புள்ளிகளும் முதுகுத் துடுப்பில் 7 அல்லது 8 முட்களும் இருந்தால் கறுப்பு. செங்குத்துப் பட்டைகளும் 5 அல்லது 6 முட்களும் இருந்தால் வெள்ளை. பிடிக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றே.

1. என்னென்ன வேண்டும்

முதலில் அந்த மாநிலத்தின் மீன்பிடி உரிமம். ஒரு நாளைக்கு எத்தனை மீன், குறைந்தது எத்தனை அங்குலம் என்ற விதி ஏரிக்கு ஏரி மாறும். கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

6 அல்லது 7 அடி நீள மெல்லிய தூண்டில் கோல், சின்ன ரீல், 6 பவுண்டு தாங்கும் தூண்டில் நரம்பு, மெல்லிய கம்பியால் ஆன 4ஆம் எண் தூண்டில் முள், சிறு ஈயக்குண்டுகள், நரம்பில் மேலும் கீழும் நழுவும் தக்கை, ஒரு சிறு பாசிமணி. முள் மெல்லியதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. மூழ்கிய கிளைகளில் சிக்கினால் நிதானமாக இழுங்கள். பெரும்பாலும் நரம்பு அறாமல் முள் நிமிர்ந்து வந்துவிடும். குறடால் வளைத்து மறுபடி போடலாம். தடித்த முள் என்றால் நரம்புதான் அறும்.

2. கட்டும் வரிசை

நரம்பில் முதலில் தடுப்பு முடிச்சு, அதற்குக் கீழே பாசிமணி, பிறகு தக்கை, பிறகு ஈயக்குண்டு, கடைசியில் முள். குண்டுக்கும் முள்ளுக்கும் ஒரு அடி இடைவெளி போதும். மணியை விட்டுவிட்டால் முடிச்சு தக்கையின் துளைக்குள் புகுந்து ஆழம் நிற்காது. தடுப்பு முடிச்சை மேலும் கீழும் நகர்த்தித்தான் ஆழத்தை மாற்றுகிறோம்.

உயிருள்ள மின்னோ என்ற சின்ன மீன்தான் எளிய இரை. முதுகுத் துடுப்புக்குக் கீழே, முதுகெலும்பில் படாமல் முள்ளைக் குத்துங்கள். எலும்பில் பட்டால் உடனே செத்துவிடும். வாளியில் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஊற்றினாலும் அதே கதிதான்.

3. எங்கே, எந்த ஆழத்தில்

வெட்டவெளித் தண்ணீரில் நேரத்தை வீணாக்க வேண்டாம். படகுத்துறைக் கால்கள், சாய்ந்து மூழ்கிய மரங்கள், கிளைக்குவியல்கள் ஆகியவற்றை ஒட்டிப் போடுங்கள். வசந்தத்தில் தண்ணீர் 60 பாரன்ஹீட்டைத் தாண்டியதும் முட்டையிடக் கரையோரம் வரும். அப்போது 2 முதல் 6 அடி ஆழமே போதும், படகு தேவையில்லை. தொடங்குவதற்கு இதைவிட நல்ல பருவம் கிடையாது. கோடையில் ஆழத்துக்கு இறங்கிவிடும். என்றாலும் அடிமட்டத்தில் ஆக்சிஜன் குறைந்துவிடுவதால் நடுநீரில்தான் நிற்கும். தரைவரை இரையை இறக்குவது பயன் தராது.

வசந்தத்தில் 2 அடியில் ஆரம்பியுங்கள். ஐந்து நிமிடம் அசைவில்லையா, ஒரு அடி இறக்குங்கள். முதல் மீன் மாட்டியதும் முடிச்சைத் தொடாதீர்கள். கூட்டம் அந்த ஆழத்தில்தான் நிற்கிறது. எல்லா ஆழமும் பார்த்தும் ஒன்றுமில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள். பொறுமை நல்லதுதான், மீன் இல்லாத இடத்தில் வேண்டாம்.

4. கடியை அறிவது

தக்கை மூழ்கினால் எல்லோருக்கும் தெரியும். பலர் தவறவிடுவது இன்னொன்றை: நிமிர்ந்து நின்ற தக்கை திடீரென்று படுத்துவிடும். மீன் இரையைக் கவ்வி மேலே எழும்பும்போது குண்டின் எடை தக்கையை விட்டுப்போகிறது. அதுவும் கடிதான். (போட்ட உடனேயே படுத்துக் கிடந்தால் குண்டு தரையைத் தொட்டிருக்கிறது, ஆழத்தைக் குறையுங்கள்.)

வெடுக்கென்று இழுக்கவே கூடாது. கிராப்பியின் வாய்ச் சவ்வு அப்பளம் போல, பலமாக இழுத்தால் கிழிந்து மீன் கழன்றுவிடும். தளர்ந்த நரம்பைச் சுற்றிவிட்டு மணிக்கட்டால் மெல்லத் தூக்கினால் முள் ஏறும். ரீலின் டிராக்கை (மீன் இழுக்கும்போது நரம்பு வெளியேறுவதைக் கட்டுப்படுத்தும் பிடி) தளர்வாக வையுங்கள், நரம்பு தொய்யாமல் சுற்றுங்கள், கரைக்கு வந்ததும் வலையால் அள்ளுங்கள். நரம்பைப் பிடித்துத் தூக்கும்போதுதான் பெரிய மீன்கள் தப்புகின்றன.

5. ஜிக்குக்கு மாறும்போது

மின்னோவில் கை பழகியபின் 1/16 அவுன்ஸ் ஜிக்கை, அதாவது தலையில் எடை வைத்த முள்ளுடன் கூடிய செயற்கை இரையை, முயலலாம். கலங்கிய நீருக்குப் பளிச்சென்ற மஞ்சள்பச்சை, தெளிந்த நீருக்கு வெள்ளை. ஜிக் கிடைமட்டமாகத் தொங்கினால்தான் சின்ன மீன் போலத் தெரியும். அதற்கு நரம்பைக் கட்டிய முடிச்சு, ஜிக்கின் வளையத்தில் நடு மேற்பகுதியில் உட்கார வேண்டும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் அது முன்பக்கம் நழுவும், விரலால் திருப்பி வையுங்கள். ஆட்டி ஆட்டி இழுப்பதைவிட அசையாமல் பிடித்திருப்பதே பெரும்பாலும் மீனைக் கொண்டுவரும்.

வைத்துக்கொள்ளும் மீனை உடனே பனிக்கட்டியில் போடுங்கள், சதை சீக்கிரம் குழைந்துவிடும். மிக ஆழத்திலிருந்து தூக்கியவற்றின் காற்றுப்பை உப்பிவிடுவதால், திரும்ப விட்டாலும் பல பிழைப்பதில்லை. அன்றைய வரம்பு நிறைந்ததும் ஆழத்தில் தூண்டில் போடுவதை நிறுத்திவிடுங்கள்.