பவர் வீடர் இன்ஜின் தேய்ந்துவிட்டதா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போன வாரம் ஒருவர் பவர் வீடரை, அதாவது களையெடுக்கும் மெஷினை, டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தார். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கை மாற்றி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மறுபடியும் நீலப் புகை. வேலையைச் செய்தவர் பக்கத்து ஊரில் புதிதாகக் கடை போட்டிருக்கும் ஒரு தம்பி. கைவேலை சுத்தம். போல்ட் எல்லாம் சரியாக முறுக்கியிருந்தார். ஆனால் நான் தொழிலுக்கு வந்த புதிதில் செய்த அதே தவறைச் செய்திருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆயில் அளவு பாருங்கள், பழைய பெட்ரோலை விடாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். 170எஃப் என்று கடையில் கேட்டு வாங்கும் 212 சிசி, 7 எச்பி பெட்ரோல் இன்ஜினை மனதில் வைத்துச் சொல்கிறேன். பம்ப் செட், விறகு பிளக்கும் மெஷின் என்று எதில் மாட்டினாலும் இந்தக் குடும்பத்து இன்ஜினுக்கு இதே கதைதான்.

புகையைப் பார்த்ததும் பிரித்துப் போடுவது

நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ரிங் போய்விட்டது என்று அதற்குள் முடிவு கட்டக் கூடாது. கத்தி மாற்றுவதற்கு மெஷினைச் சாய்த்துப் போட்டிருப்பார்கள், ஆயில் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கும். ஆயிலை அதிகமாக ஊற்றியிருந்தாலும் இப்படித்தான். அளவைச் சரிசெய்து பத்து நிமிஷம் ஓடவிட்டுப் பாருங்கள்.

ஸ்டார்ட் கயிறு லேசாக வருகிறது, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அழுத்தம்) இல்லை என்கிறார்களா? முதலில் வால்வு இடைவெளியைப் பாருங்கள். இதே குடும்பத்து ஹோண்டா ஜிஎக்ஸ்200 இன்ஜினில், குளிர்ந்த நிலையில், இன்லெட் 0.15 மிமீ, எக்ஸாஸ்ட் 0.20 மிமீ. இடைவெளி இல்லாமல் வால்வு முழுசாக மூடாவிட்டாலும் கம்ப்ரஷன் போகும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) போட்டுப் பார்க்கக் கால் மணி நேரம் போதும்.

தேய்ந்ததை மாற்றிவிட்டு, தேய்த்ததை விட்டுவிடுவது

இதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரவைக்கும் தவறு.

நான் கடை வைத்த இரண்டாவது வருஷம். பொங்கலூர் பக்கம் சின்ன வெங்காயம் போட்டிருந்த ஒரு அண்ணனின் வீடர். ரீபோர் செய்து (தேய்ந்த சிலிண்டரைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து), அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன், புது ரிங் எல்லாம் போட்டுக் கொடுத்தேன். அருமையாக ஓடியது. ஒரு களையெடுப்பு முடிவதற்குள் திரும்ப வந்துவிட்டது. மறுபடியும் பிரித்தேன். சிலிண்டரில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல். மேல் ரிங்கின் ஓரத்தைத் தடவினால் பிளேடு மாதிரி அறுத்தது.

அப்போதுதான் கார்பரேட்டரின் வாயைப் பார்த்தேன். பேப்பர் ஃபில்டர் புதுசு மாதிரி இருந்தது. ஆனால் ஏர் கிளீனருக்கும் கார்பரேட்டருக்கும் நடுவில் இடைவெளியை அடைக்க வேண்டிய கேஸ்கெட் பாதி கிழிந்து கிடந்தது. அந்த இடத்திலிருந்து உள்ளே செம்மண் ஒரு கோடாகப் போயிருந்தது. விரலை விட்டு எடுத்தால் நறநறவென்றது. ஃபில்டரைத் தொடாமலேயே மண் உள்ளே போயிருக்கிறது. அந்தக் கேஸ்கெட்டை என் கையால்தான் கழற்றி, கிழிந்ததைக் கவனிக்காமல் மாட்டியிருக்கிறேன்.

மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் சிலிண்டரின் வார்ப்பிரும்பை விடக் கடினமானது. ஆயிலோடு சேர்ந்தால் அது தேய்ப்பு பேஸ்ட். இரண்டாவது முறை என் செலவில் செய்து கொடுத்தேன். ஆனால் அதற்குள் வெங்காயத்தைக் களை மூடிவிட்டது. "காசு கிடக்குது தம்பி, காடு போச்சே" என்றார் அந்த அண்ணன்.

அதனால், ஸ்பேனரை எடுக்கும் முன்பே ஏர் கிளீனரைக் கழற்றுங்கள். வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, ஃபில்டரைத் தாண்டிய பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். துணியில் மண் வந்தால் வழியைக் கண்டுபிடிக்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். கிழிந்த ஃபோம், விரிசல் விட்ட பெட்டி, லூஸான நட் என்று ஏதோ ஒன்று இருக்கும். முழு இன்ஜினையே மாற்றினாலும் இது பொருந்தும். பழைய ஏர் கிளீனரைக் கழற்றிப் புது இன்ஜினில் மாட்டுகிறார்கள். அதோடு பழைய வியாதியும் வந்துவிடுகிறது. போன வாரம் வந்த வீடரில் ஏர் கிளீனர் பெட்டியின் அடியில் விரிசல்; மேலே கிரீஸ் அப்பியிருந்ததால் தெரியவில்லை.

ஃபோமைச் சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து, இன்ஜின் ஆயிலில் நனைத்துப் பிழியுங்கள். வறண்ட ஃபோம் தூசியைப் பிடிக்காது. ஆயில் சொட்டச் சொட்ட மாட்டினாலும் புகை தள்ளும். பேப்பர் ஃபில்டருக்குக் காற்று அடிப்பதாக இருந்தால் உள்ளிருந்து வெளியே, மெதுவாக.

ரீபோர் செய்த சிலிண்டரைப் பெட்ரோலில் மட்டும் கழுவுவது

லேத்திலிருந்து வரும் சிலிண்டரின் கோடுகளுக்குள் உள்சுவரைத் தேய்க்கும் ஹோனிங் கல்லின் பொடி இருக்கும். பெட்ரோல் அதை முழுசாக எடுக்காது. சூடான சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் வேண்டும். ஆயில் தொட்ட வெள்ளைத் துணியில் சாம்பல் நிறம் வராத வரைக்கும் கழுவுங்கள். கழுவியதும் காயவைத்து ஆயில் தடவாவிட்டால் துரு பிடித்துவிடும்.

எச்பி மட்டும் பார்த்து இன்ஜின் வாங்குவது

இன்ஜினிலிருந்து வெளியே நீட்டியிருக்கும் ஷாஃப்ட்டை அளந்தீர்களா? 19.05 மிமீ, 20 மிமீ இரண்டும் சந்தையில் உண்டு, கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும். ஷாஃப்ட்டில் கப்ளிங்கைப் பூட்டும் சாவியும் (இரும்புக் கட்டை) மாறும். பழைய கப்ளிங்கையும் (ஷாஃப்ட்டை மெஷினோடு இணைக்கும் பாகம்) அளக்க வெர்னியரையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஏறாத கப்ளிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றினால் கிராங்க் பேரிங் அடி வாங்கும்.

கவர்னர் ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டுவது

தொடாதீர்கள். இன்ஜின் அளவுக்கு மீறி வேகமெடுக்காமல் பிடித்து வைப்பதுதான் கவர்னர். அதைக் கெடுத்தால் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு முறிந்து கேஸைப் பிய்த்துக்கொண்டு வரும்.

முதல் ஆயிலை அப்படியே விட்டுவிடுவது

புது இன்ஜினோ, ரீபோர் செய்ததோ, முதல் 20 மணி நேரத்தில் ஆயிலை மாற்றிவிடுங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது இறக்கினால் அடியில் தங்கிய பொடியும் சேர்ந்து வரும். அப்புறம் அதே கையோடு வெள்ளைத் துணியைச் சுற்றி, கார்பரேட்டர் வாயை இன்னொரு முறை துடைத்துப் பாருங்கள்.