மாடுலர் சோஃபாவுக்குத் துணி எடுப்பது எப்படி?

மாடுலர் சோஃபா என்பது தனித்தனித் துண்டுகள். இன்று ஒரே வரிசையாகப் போடலாம், நாளைக்கு ‘எல்’ வடிவில் திருப்பலாம். இத்தாலியின் மாரியோ பெல்லினி 1970இல் வடிவமைத்த கமலியோண்டா இதில் பேர்போனது. 90 செ.மீ. சதுர இருக்கைகளைக் கொக்கியும் வளையமும் வைத்து வேண்டியபடி மாட்டலாம், கழற்றலாம். எந்தத் துண்டும் எந்தத் துண்டுக்குப் பக்கத்திலும் வரும் என்பதால், துணியையும் அதற்கேற்றபடிதான் எடுக்க வேண்டும்.

படி 1: இடத்தை அளந்துகொள்ளுங்கள். தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி ஒவ்வொரு துண்டையும் அதே அளவில் வரையுங்கள். நடக்க இரண்டரை அடியாவது மிஞ்சட்டும். வாசல், லிஃப்ட், படிக்கட்டுத் திருப்பம் மூன்றையும் அளந்துவிடுங்கள்.

படி 2: துணி எவ்வளவு உழைக்கும் என்று பாருங்கள். சாம்பிள் புத்தகத்தில் ‘மார்ட்டிண்டேல்’ என்றொரு எண் இருக்கும். கம்பளித் துணியால் தேய்த்துப் பார்த்தபோது எத்தனை தேய்ப்பு தாங்கியது என்ற கணக்கு அது. தினமும் உட்காரும் சோஃபாவுக்கு 25,000க்குக் குறையாமல் எடுங்கள். டென்மார்க்கின் குவாட்ராட் நிறுவனத்தின் ஹாலிங்டால் 65 துணி (70% கம்பளி, 30% விஸ்கோஸ்) 1,00,000 தேய்ப்பு தாங்கும். விலையும் அதற்கேற்ப இருக்கும்.

படி 3: டிசைனில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பெரிய பூ, அகலக் கோடு எல்லாம் கடையில் கண்ணைப் பறிக்கும். துண்டை இடம் மாற்றியதும் கோடு கோட்டோடு சேராது. வெல்வெட்டில் இன்னொரு சங்கதி. கையால் ஒரு பக்கம் தடவினால் வெளிறியும் எதிர்ப்பக்கம் தடவினால் அடர்ந்தும் தெரியும். அதனால் ஒரு துண்டைக் குறுக்கே திருப்பிப் போட்டால் வேறு நிறத் துணி மாதிரி இருக்கும். பொடி நெசவு, ஒற்றை நிறம், லேசான கலப்பு நூல் இவைதான் என் சிபாரிசு. அழகில் ஒன்றும் குறைவில்லை.

படி 4: சாம்பிளைக் கையில் வாங்கிச் சோதியுங்கள். ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் தேயுங்கள், சாயம் ஒட்டினால் வேண்டாம். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, காய்ந்தபின் கறை வளையம் நிற்கிறதா என்று கவனியுங்கள். ஜன்னல் வெளிச்சத்திலும் ராத்திரி விளக்கிலும் நிறத்தைப் பாருங்கள்.

படி 5: மீட்டர் கணக்கு. ரோல் அகலம் பொதுவாக 54 அங்குலம். 24 அங்குலச் சதுரம், 6 அங்குலக் கனம் உள்ள குஷனுக்கு மேலும் கீழும் தையல் விளிம்போடு 25 அங்குலத் துண்டுகள் இரண்டு, அகலத்தில் பக்கம் பக்கமாக அடங்கிவிடும். சுற்றுப்பட்டியையும் ஜிப் வைக்கும் இடத்தையும் சேர்த்தால் ஒரு குஷனுக்கு ஒன்றேகால் மீட்டர் போதும். அடிப்பாகத்துக்கும் சாய்வுக்கும் தனியாகக் கணக்கிடுங்கள். எல்லாத் துணியையும் ஒரே ரோலில் வெட்டி வாங்குங்கள், கூடவே இரண்டு மீட்டர் உபரியாக எடுத்து வையுங்கள். அடுத்த முறை சாயமேற்றிய துணியில் நிறம் சற்று மாறிவிடும். மாடுலர் சோஃபாவில் அந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

தைக்கக் கொடுக்கும்போது உறைகளைக் கழற்றும்படி ஜிப் வைக்கச் சொல்லுங்கள். ஜன்னலோரத் துண்டு வெயிலில் சீக்கிரம் வெளுக்கும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதை உள்பக்கம் மாற்றிப் போடுங்கள்.