அடிமைமுறைத் தகராறை வரைபடத்தில் பிடிப்பது எப்படி: அமெரிக்கா, 1820–1861

அமெரிக்கா மேற்கே பரவப் பரவ அடிமைமுறைச் சண்டை ஏன் முற்றியது என்பதைப் பாடமாகப் படித்தால் சட்டங்களின் பெயர்தான் மனதில் நிற்கும். நான்கு வரைபடமும் ஓர் அட்டவணையும் நீங்களே போட்டால் காரணம் பிடிபடும்.

தேவையானவை: ஆறுகளும் அட்சரேகை, தீர்க்கரேகைகளும் மட்டும் உள்ள வெற்று வரைபடம் நான்கு பிரதி, மூன்று வண்ணப் பென்சில்கள். இன்றைய மாநில எல்லை அச்சிட்ட படம் வேண்டாம். 1854-இல் கான்சஸ் ராக்கி மலைவரை நீண்டது. நெப்ராஸ்கா கனடா எல்லையைத் தொட்டது. இன்றைய கட்டங்களுக்குள் வண்ணம் தீட்டினால், அடிமைமுறை இல்லாத வடக்கு மாநிலங்கள் ஏன் பதறின என்பதே தெரியாது.

ஒரு வண்ணம் அடிமை மாநிலங்களுக்கு, ஒன்று அடிமைமுறை இல்லாத சுதந்திர மாநிலங்களுக்கு. மூன்றாவது, இன்னும் மாநிலமாகாமல் காங்கிரஸின் (அமெரிக்க நாடாளுமன்றத்தின்) ஆளுகையில் இருந்த டெரிட்டரிகளுக்கு. கவனம் முழுக்க இந்த மூன்றாவதில் இருக்கட்டும். ஏற்கெனவே உள்ள மாநிலத்தில் காங்கிரஸ் கைவைக்க முடியாது என்பதை வடக்கிலும் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டிருந்தார்கள். டெரிட்டரியில் யார் முடிவெடுப்பது என்பதில்தான் தகராறு. எனவே அடிமைமுறை தடைசெய்யப்பட்ட டெரிட்டரிக்குக் கோடுகள், தடையில்லாததற்குப் புள்ளிகள்.

முதல் படம், 1821. கிழக்கே மேசன்–டிக்சன் கோடு (பென்சில்வேனியாவின் தெற்கு எல்லை), பிறகு ஒஹாயோ ஆறு. இதுவே மிசிசிப்பிவரை பிரிகோடு. மிசிசிப்பிக்கு மேற்கே 36°30′ அட்சரேகை: 1820-இன் மிசௌரி சமரசச் சட்டப்படி இதற்கு வடக்கே உள்ள டெரிட்டரியில் அடிமைமுறைக்குத் தடை. இங்கே இரண்டு தவறு வழக்கமாக நடக்கும். ஒன்று, மிசௌரியைச் சுதந்திர வண்ணத்தில் தீட்டிவிடுவது. கோட்டுக்கு வடக்கே இருந்தும் அது அடிமை மாநிலம். சமரசத்தின் பேரமே அதுதான், ஈடாக மெய்ன் வந்தது. மற்றொன்று, கோட்டைப் பசிபிக் கடல்வரை இழுப்பது. 1820-ஆம் ஆண்டுச் சட்டம் லூசியானா கொள்முதல் நிலத்துக்கு (பிரான்சிடம் வாங்கியது) மட்டும். அந்த அட்சரேகையில் அமெரிக்க எல்லை 100° மேற்கு தீர்க்கரேகையோடு முடிந்தது, அங்கேயே நிறுத்துங்கள். 1848-இல் கோட்டைக் கடல்வரை நீட்டப் பார்த்தார்கள். காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் அவை மறுத்துவிட்டது.

இரண்டாவது படம், 1848. புதிதாகச் சேர்ந்தவை: டெக்சஸ் (1845), ஓரிகான் (1846), மெக்சிகோவிடமிருந்து 1.5 கோடி டாலர் கொடுத்துப் பெற்ற நிலம். இந்தக் கடைசித் துண்டுக்கு வண்ணம் தீட்டாதீர்கள். அங்கே அடிமைமுறை கூடாது என்ற வில்மட் என்ற உறுப்பினரின் தீர்மானம் பிரதிநிதிகள் அவையில் தேறி, மேலவையான செனட்டில் விழுந்தது. வெற்றிடமாக விட்டால்தான் அடுத்த இரண்டு ஆண்டு இழுபறி கண்ணில் படும்.

மூன்றாவது, 1850. கலிபோர்னியா சுதந்திர மாநிலம்; யூட்டா, நியூ மெக்சிகோ புள்ளிகள். டெக்சஸ் 1 கோடி டாலர் பெற்றுக்கொண்டு மேற்கு உரிமைகோரலைக் கைவிட்டது. அதன் வடக்கு முனை 36°30′-இல் வெட்டப்பட்டதையும், பின்னால் கான்சஸின் தெற்கு எல்லை 37°-இல் அமைந்ததையும் குறியுங்கள். நடுவில் யாருக்கும் சேராமல் கிடந்த அரைப் பாகைப் பட்டைதான் இன்றைய ஓக்லஹோமாவின் கைப்பிடி.

நான்காவது படம் 1854-க்கு. கான்சஸ்–நெப்ராஸ்கா முழுதும் கோடுகளிலிருந்து புள்ளிகளுக்கு மாறும். குடியேறிகளே வாக்களித்து முடிவுசெய்யலாம் என்றது சட்டம்; 34 ஆண்டுத் தடை போனது. அதே படத்தில் 1857-ஐயும் சேருங்கள்: உச்ச நீதிமன்றத்தின் டிரெட் ஸ்காட் தீர்ப்பின்படி எந்த டெரிட்டரியிலும் காங்கிரஸ் தடைபோட முடியாது. மிச்சமிருக்கும் கோடுகள்மேலும் புள்ளி வையுங்கள். டெரிட்டரிகளில் அடிமைமுறையைத் தடுப்பது என்ற புதுக் குடியரசுக் கட்சியின் அடிப்படைக் கொள்கையே சட்டவிரோதம் என்றாகிவிட்டது.

இன்னொன்று: இண்டியன் டெரிட்டரியை (இன்றைய ஓக்லஹோமாப் பகுதி) பலர் வெறுமையாக விட்டுவிடுவார்கள். 1830-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தென்கிழக்கிலிருந்து துரத்தப்பட்ட செரோக்கி, சோக்டா உள்ளிட்ட பழங்குடி மக்கள் அங்கே இருந்தார்கள்; அவர்களில் சிலர் அடிமைகளையும் வைத்திருந்தார்கள். அவர்கள் விட்டுச்சென்ற நிலம் பருத்திக்காடாயிற்று.

இனி செனட் அட்டவணை. மாநிலத்துக்கு இரண்டு செனட்டர் என்பதால் மாநிலங்களை எண்ணினால் போதும். சுதந்திர மாநிலம் முதலில், அடிமை மாநிலம் அடுத்து: 1821-இல் 12–12, 1837-இல் 13–13, 1845 இறுதியில் 13–15, 1848-இல் 15–15, 1850-இல் 16–15, 1859-இல் 18–15. 1850-க்குப் பிறகு சமநிலை திரும்பவேயில்லை. ஆனால் இதை வாக்கு எண்ணிக்கை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கலிபோர்னியாவின் செனட்டர் வில்லியம் குவின் தெற்கின் பக்கம் நின்றவர். பக்கத்திலேயே 1860 கணக்கெடுப்பையும் எழுதுங்கள்: நாடு முழுதும் 39,53,760 அடிமைகள், கான்சஸில் வெறும் 2 பேர்.

கடைசி வரி 1861 ஜனவரி 29, கான்சஸ் மாநிலமான நாள்: 19–15. இதை அப்படியே விடாமல், 15-இல் 6 மாநிலங்களை அடித்துவிடுங்கள். அதற்குள் அவை அமெரிக்காவிலிருந்து பிரிந்து போயிருந்தன. கான்சஸை மாநிலமாக்கும் மசோதாவைச் செனட் நிறைவேற்றியது ஜனவரி 21-இல், மிசிசிப்பியின் ஜெபர்சன் டேவிஸும் வேறு சில தெற்குச் செனட்டர்களும் செனட்டைவிட்டு எழுந்துபோன அதே நாளில்.