விபத்து அறிக்கையில் யார் பெயரை எழுதுவது?

மில்லில் ஒருத்தருக்கு அடிபட்டால் மறுநாள் காலையில் ஒரு படிவம் வரும். அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம், இரண்டு விரல் அகலம்தான் இருக்கும். பெரும்பாலும் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதி, சீல் குத்தி, ஃபைலில் போட்டுவிடுவார்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் நூற்பாலைகளில் லேபர் வெல்ஃபேர் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போதும் சின்ன மில்காரர்கள் உள்விசாரணைக்குக் கூப்பிடுகிறார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது, "மேடம், தப்பு யார் மேலன்னு எப்படி முடிவு பண்றீங்க?" என்றுதான். நான் செய்கிற முறையை எழுதிவைக்கிறேன்.

முதல் வேலை, காயத்தைப் பார்க்காமல் இருப்பது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. போங்கள், ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கிக்கொண்டே போங்கள். ஆனால் யார் என்ன செய்தார் என்கிற பகுதியை எழுதும்போது காயம் எவ்வளவு பெரியது என்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒரே ஷெட்டில் நான்கு மெஷினில் ஒரே மாதிரி பாதுகாப்பு சுவிட்சைக் கழற்றிவிட்டிருப்பார்கள். மூன்றில் ஒன்றும் ஆகவில்லை, நாலாவதில் விரல் போய்விட்டது. உடனே எல்லோருக்கும் நாலாவது மெஷினில் சுவிட்சைக் கழற்றியவன் மட்டும் குற்றவாளியாகத் தெரிவான். நான்கு பேரும் செய்தது ஒரே காரியம். மற்ற மூன்று பேருக்கு நேரம் நன்றாக இருந்தது, அவ்வளவுதான். தத்துவம் படித்தவர்கள் இதைத் 'தார்மிக அதிர்ஷ்டம்' என்கிறார்கள். 1976-ல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நாகலும் இதை ஒரு விவாதமாகவே நடத்தியிருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். ரத்தம் வரவில்லை என்று வைத்துக்கொண்டு முதல் வரைவை எழுதுங்கள், பிறகு ரத்தத்தைச் சேருங்கள்.

அடுத்து, ஒரு முழுத்தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம் யார் யார் என்ன செய்தார்கள். வலது பக்கம் யார் யார் எதைச் செய்யாமல் விட்டார்கள். இடது பக்கம் சீக்கிரம் நிரம்பிவிடும், சாட்சி சொல்ல ஆள் இருக்கும். நடந்ததைப் பார்த்தவன் உண்டு. நடக்காததை யார் பார்த்தது? அதனால்தான் பழி எப்போதும் கடைசியாகத் தொட்ட கையின் மேல் போய் விழுகிறது. இந்த வேலையின் முக்கால்வாசி வலது பக்கத்தை நிரப்புவதுதான்.

அதில் ஒரு சிக்கல் உண்டு. செய்யாமல் விட்டவர்கள் என்று பார்த்தால் உலகத்தில் எல்லோரும்தான். கலெக்டர் வந்து மெஷினை நிறுத்தவில்லை. கேண்டீன் அக்கா நிறுத்தவில்லை. நானும் நிறுத்தவில்லை. இவர்கள் எல்லோர் பெயரையும் எழுத முடியுமா? எங்கே கோடு போடுவது என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் மிகவும் பழையது. 1837-ல், பிரிட்டிஷ் ஆட்சியில், ஆங்கிலேய அதிகாரி மெக்காலே தலைமையில் இந்தியாவுக்கான தண்டனைச் சட்ட வரைவு தயாரானது. (மெக்காலே மேல் நமக்கு ஆயிரம் கோபம் இருக்கலாம், எனக்கும் உண்டு. ஆனால் இந்த இடத்தில் ஆள் கெட்டிக்காரர்.) அந்த வரைவின் குறிப்புகளில் ஓர் ஆறு வருகிறது. வெள்ளம் ஏறிவிட்டது தெரியாமல் ஒருவன் ஆற்றில் இறங்கப் போகிறான். கரையில் நிற்பவனுக்கு விஷயம் தெரியும், வாய் திறக்கவில்லை. இறங்கியவன் செத்துப்போகிறான். கரையில் நின்றவன், பயணிகளை எச்சரிப்பதற்காகவே அங்கே நிறுத்தப்பட்ட ஆள் என்றால் அது கொலை. கூட்டிப்போவதாகப் பேசிக்கொண்டு வந்த வழிகாட்டி என்றாலும் கொலை. மனிதாபிமானம் தவிர வேறு எந்தக் கடமையும் இல்லாத வழிப்போக்கன் என்றால் கொலை இல்லை.

மௌனம் மூன்று பேருக்கும் ஒன்றுதான். அவரவர் நின்ற இடம்தான் வேறு. அதனால் வலது பக்கத்தில் ஒரு பெயர் எழுதுமுன் முதலில் கேட்க வேண்டியது, இது இவருடைய வேலையா? பிறகு, இவருக்குத் தெரியுமா, அல்லது தெரிந்திருக்க வேண்டுமா? மூன்றாவது, இவரால் முடியுமா? கடைசியாக, இவர் செய்திருந்தால் விபத்து நின்றிருக்குமா? நான்கிற்கும் ஆமாம் என்றால் தயங்காமல் எழுதுங்கள். முதல் கேள்விக்கு இல்லை, மற்ற மூன்றுக்கும் ஆமாம் என்று வருகிறவன்தான் அந்த வழிப்போக்கன். சட்டம் அவனை விட்டுவிடும். என் தாளில் நான் விடுவதில்லை. கடைசியில் ஒரு தனிப் பத்தியில் எழுதுவேன், பழி என்று போடாமல். அடுத்த முறை அவன் வாய் திறக்க என்ன ஏற்பாடு வேண்டும் என்று யோசிக்க அந்தப் பத்தி உதவும்.

ஒரு விசாரணையை மட்டும் முழுசாகச் சொல்கிறேன். ஊர், மில் பெயர் வேண்டாம். டிரா ஃப்ரேம் என்று ஒரு மெஷின், பஞ்சுத் திரியை ரோலர்களுக்கு நடுவே இழுத்துச் சீராக்குவது. அதில் மேல்மூடியைத் திறந்தால் மெஷின் தானாக நிற்க வேண்டும். அதற்கு ஒரு லிமிட் சுவிட்ச் இருக்கும், பெருவிரல் அளவு. அது போய்விட்டது. எலக்ட்ரீசியன் இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி 'டைரக்ட்' பண்ணிவிட்டார். அதாவது மூடி திறந்திருந்தாலும் மெஷின் ஓடும். நைட் ஷிப்டில் ரோலரில் பஞ்சு சுற்றிக்கொண்டது. ஒடிசாவிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த பையன் மூடியைத் திறந்தான், நின்றுவிடும் என்று நினைத்துக் கையை விட்டான். ஆள்காட்டி விரலின் நுனி போய்விட்டது. நான் போவதற்குள் படிவம் தயார்: மெஷின் ஓடும்போது கை விட்டான், கவனக்குறைவு.

எலக்ட்ரீசியனை டீ நேரத்தில் தனியாகப் பிடித்தேன். இதுவும் முறையில் ஒரு பகுதிதான். ஆபீஸ் ரூமில், மேனேஜர் எதிரில் உட்காரவைத்துக் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். 'ஏன் செய்யலை?' என்று ஆரம்பிக்காதீர்கள். கேட்ட உடனே ஆள் தற்காப்புக்குப் போய்விடுவார். 'அன்னைக்கு என்ன நடந்துச்சு?' என்று விடுங்கள்.

"ஸ்டோர்ல கேட்டனுங்க மேடம். சுவிட்ச் இல்லைன்னுட்டாங்க. சூப்பர்வைசர் வந்து, மெஷின நிறுத்த முடியாது, டைரக்ட் பண்ணி உடுங்கன்னாரு. உட்டுட்டேன்."

"அப்புறம் யார்கிட்டயாவது சொன்னீங்களா தம்பி?"

"எல்லாத்துக்குந்தான் தெரியுமுங்களே."

'எல்லோருக்கும் தெரியும்' என்பது எங்கே வந்தாலும் பேனாவை எடுத்து அடிக்கோடு போடுங்கள். விபத்து உட்கார்ந்திருக்கும் இடம் பெரும்பாலும் அதுதான். 1968-ல் நியூயார்க்கில் டார்லி, லட்டானே என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். பக்கத்து அறையில் ஒரு மாணவனுக்கு வலிப்பு வந்துவிட்ட மாதிரி இன்டர்காமில் சத்தம் கேட்கும். தான் ஒருவர்தான் கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அந்தச் சத்தம் ஓய்வதற்குள் உதவிக்கு எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 சதவீதம் பேர்தான். அவர்கள் ஒன்றும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. வேறு யாராவது போயிருப்பார்கள் என்று நினைத்தார்கள். நம் எலக்ட்ரீசியன் நினைத்ததும் அதேதான்.

கேட்டுக்கொண்டே போனதில் வலது பக்கம் நீண்டது. மெயின்டெனன்ஸில் இன்டென்ட், அதாவது சுவிட்ச் வேண்டும் என்று கேட்கும் சீட்டு, போட்டிருந்தார்கள், ஸ்டோர் கிளார்க் அதை மேலே அனுப்பவில்லை. சூப்பர்வைசர் மெஷினில் ஒரு எச்சரிக்கைச் சீட்டுகூட மாட்டவில்லை, அடுத்த ஷிப்டுக்குச் சொல்லவும் இல்லை. பையனுக்குப் பயிற்சி தமிழில் நடந்திருக்கிறது. அவனுக்கு ஒடியாவும் கொஞ்சம் இந்தியும்தான் தெரியும். பயிற்சிப் பதிவேட்டில் அவன் கையெழுத்து இருக்கிறது, அழகாக. சில நூறு ரூபாய் சுவிட்ச் வரும்வரை ஒரு மெஷினை நிறுத்தவோ ஓட்டவோ முடிவெடுக்கும் அதிகாரம் ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. ஃபேக்டரி மேனேஜர். தன்னிடம் யாரும் கேட்கவில்லை என்றார் அவர். உண்மைதான். கேட்டால் என்ன பதில் வரும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் கேட்கவில்லை. இப்படி ஒரு பயத்தை உண்டாக்கிவைத்தது அவர் செய்தது, இடது பக்கத்தில் போட வேண்டியது. நான் அங்கேதான் போட்டேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

பையனுடைய பங்கு? கை விட்டது அவன்தான், அதை மறைக்கக் கூடாது. ஆனால் மூடி திறந்தால் நிற்கும் என்பது அந்த மெஷின் அவனுக்குக் கற்றுக்கொடுத்த பாடம். அதை நம்பினான். இரண்டாவது கேள்விக்கு அவன் பதில் 'தெரியாது'. அதற்கு மேல் அவன் பெயரில் எழுத ஒன்றும் இல்லை.

இனி, எழுதுகிற உங்கள் மனசையே கொஞ்சம் சந்தேகப்படுங்கள். செய்த கெடுதலைவிடச் செய்யாமல் விட்ட கெடுதல் சின்னதாகத் தெரிவது நம் எல்லோருக்கும் இருக்கிற பழக்கம். 1991-ல் ஸ்ப்ராங்கா, மின்ஸ்க், பாரன் மூவரும் வெளியிட்ட ஆய்வில் ஒரு டென்னிஸ் கதை வரும். மறுநாள் ஆட்டத்தில் எதிராளி தோற்க வேண்டும் என்று ஒருவனுக்கு ஆசை. எதிராளிக்கு ஒரு வகை மிளகாய்ப் பொடி ஒத்துக்கொள்ளாது. அது கலந்த சாலட் டிரெஸ்ஸிங்கை இவன் சிபாரிசு செய்கிறான், இது ஒரு வடிவம். எதிராளி தானே அதை ஆர்டர் செய்யப் போகிறான், இவன் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருக்கிறான், இது இன்னொன்று. கெட்ட எண்ணம் இரண்டிலும் ஒன்றுதான், வயிற்று வலியும் ஒன்றுதான். ஆனாலும் கதையைப் படித்தவர்களில் பலர் சிபாரிசு செய்தவனைத்தான் மோசம் என்றார்கள். உங்கள் தாளிலும் இதைச் சோதித்துப் பாருங்கள். வலது பக்கத்து ஒவ்வொரு வரியையும் 'செய்தார்' என்று திருப்பி எழுதுங்கள். 'கிளார்க் இன்டென்டை அனுப்பவில்லை' என்பதை 'கிளார்க் இன்டென்டை டிராயரில் வைத்துப் பூட்டினார்' என்று. உங்கள் கோபம் எவ்வளவு ஏறுகிறது என்று கவனியுங்கள். இரண்டிலும் கிளார்க்கின் எண்ணம் ஒன்றேயானால், ஏறிய கோபத்துக்கு வேறு காரணம் இல்லை, வாக்கியம்தான். அவருக்கு உள்நோக்கமே இல்லை, வேலைப்பளுவில் மறந்துவிட்டார் என்றால் திருப்பி எழுதிய வாக்கியம் பொய். அதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

மறுபக்கம் போய், செய்ததையும் விட்டதையும் ஒரே தராசில் சமமாக நிறுக்க வேண்டும் என்று வாதாடுகிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. வயரை முறுக்கியவர் மெஷினின் பாதுகாப்பைத் தன் கையால் எடுத்தவர். சீட்டு மாட்டாதவர் அதைத் திருப்பித் தரவில்லை. முதலாமவருக்கு அந்த நொடியில் ஒரு 'முடியாது' சொல்ல வாய்ப்பு இருந்தது. அந்த வித்தியாசம் அறிக்கையில் தெரிய வேண்டும்.

பெரிய அளவில் வலது பக்கம் எவ்வளவு நீளும் என்று பார்க்க போபால் போதும். 1984 டிசம்பர் 2 இரவு, யூனியன் கார்பைடு ஆலையின் 610-ம் தொட்டியில் தண்ணீர் புகுந்தது. சுமார் 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் என்ற நச்சுப்பொருள் வாயுவாகக் கிளம்பியது. தொட்டியைக் குளிர்விக்க வேண்டிய இயந்திரம் மாதக்கணக்கில் அணைத்துக் கிடந்தது. வாயுவைச் சுத்திகரிக்க வேண்டிய ஸ்க்ரப்பர் ஓட்டத்தில் இல்லை. எரித்துத் தள்ள வேண்டிய கோபுரத்துக்குப் போகும் குழாய் கழற்றப்பட்டிருந்தது. அன்றிரவு கண்ணெரிச்சல் வந்தபோதும், தேநீர் இடைவேளைக்கு அப்புறம் பார்க்கலாம் என்று விட்டார்கள். கம்பெனி பின்னாளில் சொன்ன விளக்கம் என்ன? அதிருப்தியில் இருந்த ஒரு தொழிலாளி வேண்டுமென்றே தண்ணீரை விட்டான் என்பது. ஒரு கை. அதை அப்படியே நம்பினாலும் வலது பக்கத்தில் ஒரு வரிகூடக் குறையாது. இயந்திரத்தை அணைக்க முடிவெடுத்தவர் அங்கேயேதான் இருப்பார். 2010 ஜூன் 7 அன்று போபால் நீதிமன்றம் இந்திய அதிகாரிகள் 7 பேருக்கு விதித்தது இரண்டு வருடச் சிறை. அலட்சியத்தால் மரணம் என்ற பிரிவில் அன்றைய சட்டப்படி அதற்கு மேல் கொடுக்க வழி இருக்கவில்லை. அந்த விபத்துக்குப் பிறகுதான், 1987-ல், தொழிற்சாலைகள் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்து, தொழிலாளிகளின் பாதுகாப்பு ஆலையை நடத்துபவரின் பொதுக் கடமை என்று எழுதினார்கள். ஆற்றங்கரையில் நிற்கிற ஆள் யார் என்று சட்டமே கைகாட்டியது அப்போதுதான்.

கடைசி வரைவில் சதவீதம் போடாதீர்கள். 'எலக்ட்ரீசியன் 40, சூப்பர்வைசர் 30' என்று சில கன்சல்டன்ட்கள் போடுகிறார்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. பதிலாக, ஒருவருக்கு ஒரு வாக்கியம்: அவர் யார், என்ன தெரியும், என்ன செய்தார் அல்லது விட்டார், அதனால் என்ன ஆனது. வாக்கியத்தில் ஆள் இல்லாமல் 'தகவல் தெரிவிக்கப்படவில்லை' என்று வந்தால், யார் தெரிவிக்கவில்லை என்று பெயர் தேடிப் போங்கள். பெயர் கிடைக்கவில்லை என்றால், அந்த வேலையை யாருக்கும் ஒப்படைக்கவே இல்லை என்று அர்த்தம். அதை ஒப்படைத்திருக்க வேண்டியவர் பெயரை எழுதுங்கள்.

பிறகு பெயர் வந்த ஒவ்வொருவரிடமும் அவரவர் வாக்கியத்தைப் படித்துக் காட்டுங்கள், அவருக்குப் புரிகிற மொழியில். இல்லை என்று சொன்னால் அவர் சொன்னதையும் கீழே எழுதுங்கள். சூப்பர்வைசர் என்னிடம், "எம்மேல மட்டும் ஏனுங்க மேடம் எழுதறீங்க, நானா மில்ல நடத்தறேன்?" என்றார். அதை அப்படியே அவர் வாக்கியத்துக்குக் கீழே எழுதினேன். மேனேஜர் கையெழுத்துப் போட இரண்டு தடவை யோசித்தார். போட்டதும் ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றைப் பையனின் ஹாஸ்டல் வார்டனிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். நஷ்டஈடு கேட்கும்போது அவனுக்கு அந்தக் காகிதம் வேண்டும்.