டெங்குத் தடுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தெருவில் ஒருவருக்கு டெங்கு என்ற செய்தி பரவியதும், வார்டு உறுப்பினருக்கும் நகராட்சி அலுவலகத்துக்கும் போகும் முதல் கோரிக்கை பெரும்பாலும் புகை மருந்து அடிக்க வேண்டும் என்பதாகவே இருக்கிறது. புகை வண்டி வந்து போனால் அரசு தன் கடமையைச் செய்துவிட்டதாகவும், வராவிட்டால் செய்யவில்லை என்றும் மக்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். தமிழ்நாட்டின் டெங்குத் தடுப்புப் பணியைப் பற்றிய தவறான எண்ணங்களில் முதலில் களைய வேண்டியது இதுதான். புகை, அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் வளர்ந்த கொசுக்களை மட்டுமே கொல்லும். தொட்டியில் நெளிந்துகொண்டிருக்கும் புழுவையோ, தொட்டிச் சுவரில் ஒட்டியிருக்கும் முட்டையையோ அது தொடுவதே இல்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியிலும், தொங்கும் துணிகளின் மறைவிலும் ஓய்வெடுக்கும் பழக்கமுடையது. தெருவில் அடிக்கும் புகை அங்கே போய்ச் சேருவது கடினம். அதிலும் புகை வருகிறது என்று கதவையும் சன்னலையும் இறுக மூடிக்கொள்ளும் வீடுகளில் அது நுழையவே வழியில்லை. நோய் கண்ட இடத்தைச் சுற்றி, நோய்க்கிருமியைச் சுமக்கும் கொசுக்களை உடனடியாகக் குறைப்பதற்குப் புகை உதவும் என்பது உண்மை. ஆனால் அடுத்த சில நாட்களில் புதிய கொசுக்கள் வெளிவந்துவிடும்.

இதோடு சேர்ந்தே வரும் இன்னொரு தவறு, சாக்கடையைக் கைகாட்டுவது. சாக்கடையிலும் தேங்கிய கழிவுநீரிலும் பெருகுவது பெரும்பாலும் கியூலெக்ஸ் கொசு. அது இரவில் கடிக்கும். யானைக்கால் நோயைப் பரப்பும். ஏடிஸ் கொசுவோ பகலில் கடிப்பது. அது தேடுவது ஓரளவு தெளிந்த நீரை. சாக்கடையைத் தூர்வாரக் கோருவது நியாயமான கோரிக்கைதான் என்றாலும், அதைத் தூர்வாரிய பிறகும் டெங்கு குறையவில்லையே என்று வியப்பதற்கு இடமில்லை. அந்தக் கொசு குளியலறைச் சிமெண்ட் தொட்டியிலும், மூடியில்லாத பிளாஸ்டிக் டிரம்மிலும், மொட்டை மாடியில் கிடக்கும் பழைய டயரிலும், கொல்லையில் போட்டுவைத்த ஆட்டுக்கல்லின் குழியிலும், கொட்டாங்கச்சியிலும் பிறக்கிறது. இவற்றையெல்லாம் பார்த்துச் சரிசெய்துவிட்ட வீடுகளில்கூடக் குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்துத் தட்டு விடுபட்டுப்போகும். அதைக் கவனமாக இழுத்து டார்ச் விளக்கைப் பிடித்தால், நீர்ப்பரப்பிலிருந்து தலைகீழாகத் தொங்கும் மெல்லிய புழுக்கள் ஒளியோ நிழலோ பட்டதும் உடலை வளைத்து வளைத்து அடியை நோக்கி ஓடுவதைப் பார்க்கலாம். ஒரு கை அளவு நீரே அவற்றுக்குப் போதுமானது.

தண்ணீரைக் கொட்டிவிட்டால் போதும் என்று நினைப்பதுதான், அக்கறையுள்ள குடும்பங்களும் செய்யும் தவறு. பெண் கொசு முட்டைகளை நீரின் மேல் மிதக்கவிடாமல், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமான பக்கச் சுவரில் ஒட்டிவைக்கிறது. ஒரே பாத்திரத்தில் எல்லாவற்றையும் இடாமல் பல பாத்திரங்களில் பகிர்ந்து இடுவதும் அதன் வழக்கம். ஆகவே ஒன்பது பாத்திரங்களைச் சரியாக மூடி, பத்தாவதை மறந்தால் அந்தப் பத்தாவதே போதும். இந்த முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கக்கூடியவை. கோடையில் கொட்டிக் கவிழ்த்து வைத்த குடத்தில், மழை தொடங்கியதும் மீண்டும் நீர் பிடித்தால், பழைய முட்டைகளே பொரிந்துவிடும். ஆகையால் வாரம் ஒருமுறை தொட்டியை முழுவதும் வடித்து, உட்புறச் சுவரை, குறிப்பாக நீர்க்கோடு படிந்த பகுதியை, பிளீச்சிங் பவுடர் போட்டு நார் கொண்டு தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவிட்டுப் பிறகே நிரப்ப வேண்டும். முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும் என்பதால்தான் வாரம் ஒருமுறை என்ற கணக்கு. பத்து நாளுக்கு ஒருமுறை கழுவும் வீட்டில் கொசு முந்திக்கொள்ளும்.

இந்தக் கணக்கை வீடு வீடாகப் போய்ச் சரிபார்ப்பதற்காகவே உள்ளாட்சிகளின் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வருகிறார்கள். அவர்களை வாசலோடு திருப்பி அனுப்புவது, அரசின் முயற்சியைப் பயனற்றதாக்கும் மிகப் பெரிய தவறு என்பேன். பெரும்பாலும் தினக்கூலி பெறும் பெண்களே இந்தப் பணியில் இருக்கிறார்கள். பூட்டிய வீடுகளும், உள்ளே விட மறுக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும், காவலாளியின் அனுமதிக்காகக் காத்திருக்கும் நேரமும் சேர்ந்து அவர்களுடைய நாளை விழுங்கிவிடுகின்றன. நூறு வீடுகளைப் பார்த்து எத்தனை வீடுகளில் புழு இருந்தது என்று அவர்கள் எழுதும் கணக்கைக் கொண்டே எந்தத் தெருவுக்கு ஆளை அனுப்புவது, எங்கே மருந்து தெளிப்பது என்று சுகாதார ஆய்வாளர் முடிவு செய்கிறார். பார்க்கப்படாத வீடு அந்தக் கணக்கில் சேராது. ஏடிஸ் தான் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே சுற்றும் கொசு என்பதால், விடுபட்ட ஒரு வீட்டின் விளைவைச் சுற்றியுள்ள வீடுகளே சுமக்கின்றன. 1939-ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டம், கொசு உற்பத்தியாகும் இடங்களை அகற்றுமாறு உரிமையாளருக்கு உத்தரவிடும் அதிகாரத்தைச் சுகாதார அலுவலர்களுக்கு அன்றே கொடுத்திருக்கிறது. கட்டுமான இடங்களிலும், லிப்டுக்காகத் தோண்டிய குழிகளிலும், டயர் கடைகளிலும் அபராதம் விதிப்பது அவசியம் என்றே கருதுகிறேன். வீடுகளில் பணியாளரின் பொறுமையான பேச்சு அதைவிட நன்றாகப் பலன் தரும்.

பணியாளர்கள் தொட்டியில் ஊற்றும், கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்தின் வாடை பிடிக்காமல், அவர்கள் தெருமுனையைத் தாண்டுவதற்குள் தண்ணீரை வடித்துவிடுபவர்களும் உண்டு. டெமிபாஸ் என்னும் அந்த மருந்தைக் குறிப்பிட்ட மிகக் குறைந்த அளவில் குடிநீரிலும் கலக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றிருக்கிறது. விருப்பமில்லாதவர்கள் தொட்டியைத் தேய்த்துக் கழுவி மூடிவைக்கலாம். இரண்டையும் செய்யாமல் இருப்பதுதான் தவறு. கிணறுகளில் விடும் கம்பூசியா மீன்களை வீண்வேலை என்று நினைக்க வேண்டாம். அவை புழுக்களைத் தின்று வாழ்பவை.

மழைக்காலத்தில் மட்டும் விழித்துக்கொள்வது அரசு நிர்வாகமும் குடிமக்களும் ஒருசேரச் செய்யும் தவறு. வடகிழக்குப் பருவமழையை ஒட்டி நோய் உச்சத்துக்குப் போவது தெரிந்ததே. ஆனால் நான்கு நாளுக்கு ஒருமுறை, வாரத்துக்கு ஒருமுறை குடிநீர் வரும் ஊர்களில், கோடையிலும் ஒவ்வொரு வீட்டிலும் டிரம்களிலும் குடங்களிலும் நீர் சேமிக்கப்படுகிறது. கொசுவுக்கு அந்தச் சேமிப்பே பருவமழை. 2012-இல் திருநெல்வேலி மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கிய பரவலில் மாநிலம் முழுவதும் 66 பேரும், 2017-இல் 23,000-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டபோது 65 பேரும் இறந்ததாக அரசுக் கணக்குகள் கூறுகின்றன. நோயாளிகள் குவிந்த பிறகு கூடுதல் ஆட்களை இறக்குவதைவிட, ஜூன், ஜூலையிலேயே புழுக்களைத் தேடுவதற்கு ஆள் வைப்பது மலிவானது. குடிநீர் சீராக வருமானால் சேமிக்கும் தேவையே குறையும். டெங்கு ஒழிப்பில் குடிநீர் வழங்கல் துறைக்கும் பங்குண்டு என்பதை உள்ளாட்சி மன்றக் கூட்டங்களில் யாரும் போதிய அளவு எழுப்புவதில்லை.

டெங்குக் காலங்களில் அரசே வழங்கும் நிலவேம்புக் குடிநீரைக் குடித்துவிட்டதால் தனக்கு டெங்கு வராது என்று நம்பித் தொட்டியைத் திறந்தே வைப்பது தவறு. அது கொசுக்கடியைத் தடுக்காது. மருத்துவப் பரிசோதனைக்கும் அது மாற்றாகாது.

காய்ச்சல் வந்த பிறகு செய்யும் தவறுகள் உயிரைப் பறிக்கக்கூடியவை. மருந்துக் கடையில் சொல்லி வாங்கும் வலி மாத்திரைகளில் ஆஸ்பிரின், இபுபுரூபென், டைக்ளோபினாக் போன்றவை இரத்தக் கசிவு அபாயத்தைக் கூட்டும் என்பதால், மருத்துவர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் மட்டுமே எடுக்க வேண்டும். காய்ச்சல் இறங்கியதும் நோய் போய்விட்டதாக எண்ணுவது இன்னும் ஆபத்தானது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், வெப்பம் இறங்கும் அந்த வேளையிலேதான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, இரத்த ஓட்டம் ஆபத்தாகக் குறையும் அதிர்ச்சி நிலை உண்டாகிறது. கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கைகால் சில்லிடுதல், குழந்தை துவண்டு கிடத்தல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் தாமதிக்காமல் 108 வண்டியை அழைக்க வேண்டும். தட்டணுக்களின் எண்ணிக்கையை மட்டும் நாளுக்கு இருமுறை பார்த்துக்கொண்டு, நோயாளிக்குப் போதிய நீர்ச்சத்து போகிறதா, சிறுநீர் கழிகிறதா என்பதைக் கவனிக்காமல் விடும் குடும்பங்கள் பல.

பரிசோதனையிலும் நாள் முக்கியம். காய்ச்சலின் முதல் ஐந்து நாட்களுக்குள், இரத்தத்தில் வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 எலிசாவும், அதன் பிறகு, உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். எலிசாவும் பொருத்தமானவை, விரைவு அட்டைச் சோதனையின் முடிவை மட்டும் வைத்து டெங்கு இல்லை என்று உறுதி செய்துகொள்ளக் கூடாது. டெங்கு உறுதியானால் தனியார் மருத்துவமனையும் சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டது. வீட்டுக்கு அதிகாரிகள் வருவார்களே, அக்கம்பக்கத்தில் பேசுவார்களே என்று அஞ்சித் தவறான முகவரி கொடுப்பவர்கள், அந்த முகவரியை நம்பிப் போகும் பணியாளர்களை வேறொரு தெருவில் புழு தேட வைக்கிறார்கள். நோயாளியைக் கடித்த கொசு இருக்கும் தெருவில் அந்த வாரம் எந்தத் தொட்டியும் திறந்து பார்க்கப்படுவதில்லை.