ஈரானுக்கு தேயிலை அனுப்பலாமா? தடை இருக்கா இல்லையா எண்டு பாக்கிற விதம்

புறக்கோட்டைல ஒரு சின்ன தேயிலை ஏற்றுமதி ஒபிஸ்ல டொக்கியுமென்ட் வேலை பாக்கிறன். ஈரான், ரஷ்யா பக்கம் இருந்து ஓடர் வந்தா முதலாளி கேக்கிற முதல் கேள்வி, "அங்க தடையாமே தம்பி, அனுப்பலாமா?" ஓம் இல்லை எண்டு ஒரு சொல்லில சொல்லேலாது, அதால நான் பாக்கிற விதத்த அப்பிடியே எழுதுறன்.

முதல்ல, தடைய போட்டது ஆர் எண்டு பாருங்கோ. ஐநா பாதுகாப்புச் சபை போட்டதெண்டா அது சாசனத்தின்ட 41ம் உறுப்புரைக்குக் கீழ வாறது, எல்லா உறுப்பு நாட்டையும் கட்டும், எங்களையும் சேத்துத்தான். இங்க அதுக்கு 1968ம் ஆண்டு 45ம் இலக்க ஐக்கிய நாடுகள் சட்டம் இருக்கு, ஒழுங்குவிதிகள் வர்த்தமானில வரும், தடை போட்ட ஆக்கள்ட பேர் லிஸ்ட மத்திய வங்கின்ட நிதியியல் உளவறிதல் பிரிவு வெப்சைட்ல பாக்கலாம். அந்த லிஸ்ட்ல பேர் இருந்தா கதை முடிஞ்சுது, பைல மூடி வைங்கோ.

அமெரிக்காவோ ஐரோப்பிய ஒன்றியமோ தனியப் போட்டதெண்டா அது இலங்கைச் சட்டம் இல்ல. அப்பிடித் தனியப் போடலாமா எண்டது பழைய சண்டை. 1986ல நிக்கரகுவா வழக்கில சர்வதேச நீதிமன்றம் என்ன சொல்லிச்செண்டா, அமெரிக்கா நிக்கரகுவாவோட வர்த்தகத்த நிப்பாட்டினத, வழமைச் சட்டத்தில (நாடுகள் வழமையாக் கடைப்பிடிக்கிறதால வந்த எழுதாத சட்டம்) வாற தலையிடாக் கொள்கைய, அதாவது மற்ற நாட்டு விசயத்தில தலையிடக்கூடாது எண்டத, மீறினதா எடுக்கேலாது, ஆனா இந்த ரெண்டு நாடும் 1956ல செய்த நட்புறவு ஒப்பந்தத்த அது மீறினதுதான். கியூபா மேல அமெரிக்கா போட்டிருக்கிற தடைய எடுக்கச் சொல்லி 1992ல இருந்து ஐநா பொதுச்சபை தீர்மானம் போட்டுக்கொண்டே இருக்கு, தடை அசையேல்ல.

சரி, எங்கட சட்டம் இல்லையே, அனுப்புவம் எண்டு நினைச்சா அங்கதான் மாட்டுவீங்க. டொலர்ல காசு வந்தா அது பெரும்பாலும் நியூயோர்க்ல இருக்கிற ஒரு பாங்க்கத் தொட்டுத்தான் வரும், தொட்ட உடனே அமெரிக்கச் சட்டம் வந்து நிக்கும். அதால அமெரிக்கத் திறைசேரில தடைகளப் பாக்கிற ஓஃபாக் (OFAC) எண்ட பிரிவின்ட லிஸ்டையும் பாருங்கோ, வெப்சைட்ல சும்மா தேடலாம், வாங்கிற கொம்பனிய மட்டும் போட்டுப் பாத்தா காணாது, அவேன்ட பாங்க், சாமான் இறக்கிறவர், கப்பல் எல்லாம் போடோணும், கப்பலுக்கு பேர நம்பாதேங்கோ, பேர மாத்துவாங்கள், கப்பலுக்குக் குடுக்கிற ஐஎம்ஓ நம்பர் எண்ட அடையாள இலக்கம் மாறாது. கொம்பனி லிஸ்ட்ல இல்லாட்டியும் லிஸ்ட்ல இருக்கிற ஆக்கள்ட பங்கு சேத்து 50 வீதமோ கூடவோ எண்டா அதுவும் தடைதான்.

பேர் மட்டும் ஒத்துப்போனா பதறாதேங்கோ. ஒருக்கா எங்கட வாங்குநர்ட பேரும் லிஸ்ட்ல இருந்த ஒரு பேரும் ஒண்டு, கொழும்பில தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற பேர், காசு மூண்டு கிழமை நிண்டுது. கடைசில பாஸ்போட் கொப்பில இருந்த பிறந்த திகதி வித்தியாசம் எண்டு காட்டித்தான் விட்டாங்கள். அதுக்குப் பிறகு அந்தக் கொப்பிய முதலே வாங்கி வைக்கிறன்.

தேயிலை சாப்பாட்டுச் சாமான் எண்டபடியா பொதுவா விலக்கு இருக்கு. ஈரானுக்குக் குடுக்க இருந்த 251 மில்லியன் டொலர் எண்ணெய்க் கடனுக்கு மாசம் 5 மில்லியனுக்குத் தேயிலை அனுப்புறதெண்டு 2021 டிசம்பர்ல அரசாங்கம் கையெழுத்து வச்சதும் அந்தக் கணக்கிலதான்: சாமான் சாப்பாடு, லிஸ்ட்ல இருக்கிற ஈரான் பாங்க் ஒண்டும் இடையில வராது, ஏற்றுமதி செய்யிறவருக்கு இங்க ரூபாய்ல காசு. கெட்டிக்கார வேலைதான், ஆனா அது அரசாங்கத்துக்கு ஏலும். எங்கள மாதிரி ஆக்களுக்கு விலக்கு இருந்தும் பாங்க் பயந்து மாட்டன் எண்டிடும்.

அதால எல்சி, அதாவது வாங்கிறவர்ட பாங்க் காசு தாறதெண்டு குடுக்கிற கடன் கடிதம், வந்தா தடை பற்றின பந்திய முதல் வாசிங்கோ, எந்தெந்த நாட்டுத் தடைய சொல்லியிருக்கெண்டு பாத்து, உங்கட பாங்க்கிட்ட ஈமெயில்ல கேளுங்கோ, போன்ல "பிரச்சினை இல்ல" எண்டத கணக்கெடுக்காதேங்கோ. பதில் கையில வாற வரைக்கும் கொன்டெய்னர ஏத்தாதேங்கோ, துறைமுகத்தில மாட்டினா நாள்வாடகை ஓடும், அதையும் டொலர்லதான் கேப்பாங்கள்.