தடுப்பு வைத்தால் மட்டும் தெருவுக்கு ஆள் வராது

நகர மையத்தில் ஒரு தெருவை நடப்பவர்களுக்கு விடுவதென்றால் முதல் வேலையாக இரண்டு முனையிலும் தடுப்பு வைப்பார்கள். பல இடங்களில் வேலை அதோடு நின்றும்விடும். வண்டிகள் போய்விட்டால் கூட்டம் தானாக வரும் என்ற நினைப்புதான் இருப்பதிலேயே பெரிய தவறு.

சிகாகோவின் ஸ்டேட் தெருவில் நடந்ததைப் பாருங்கள். 1979-இல் கார்களை வெளியேற்றிவிட்டு பஸ்களை மட்டும் விட்டார்கள். நடைபாதையை ஏகத்துக்கும் அகலப்படுத்தினார்கள். ஆட்கள் நடந்தாலும் தெரு வெறிச்சோடியே தெரிந்தது. 1996-இல் கார்களைத் திரும்ப விட வேண்டியதாயிற்று. பத்துப் பேர் நின்றாலே கலகலப்பாகத் தெரியும் அளவுதான் சரி. இந்த விஷயத்தில் குறுகிய சந்துகள் கொடுத்து வைத்தவை.

எடுத்த எடுப்பிலேயே தரையில் கிரானைட் கல்லைப் பதிப்பது அடுத்த தவறு. கோபன்ஹேகனின் ஸ்ட்ரோகெட் தெருவை 1962-இல் சோதனைக்காகத்தான் மூடினார்கள், நிரந்தரமாக்கியது 1964-இல். நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் 2009-இல் கார்களை நிறுத்தியபோது முதலில் வந்தவை மலிவான மடக்கு நாற்காலிகள்.

நாற்காலி என்றதும் நினைவுக்கு வருகிறது. பொது இடங்களில் மக்கள் எப்படிப் புழங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்த வில்லியம் வைட் ஒன்றைக் கவனித்தார்: உட்காரும் முன் பலரும் நாற்காலியைக் கொஞ்சமாவது நகர்த்துகிறார்கள், சிலர் இழுத்துவிட்டுப் பழைய இடத்திலேயே வைக்கிறார்கள். தரையோடு பதித்த பெஞ்சில் அதற்கு வழியில்லை. திருட்டுப் போகும் என்று பயந்து பெஞ்சைப் பதிப்பவர்கள்தான் அதிகம்.

சந்துகளில் வேறு மாதிரி தவறு நடக்கும். சுவரில் ஓவியம், தலைக்கு மேல் சர விளக்கு. மாலையில் படம் எடுக்க அருமையாக இருக்கும். காலையில் அதே சந்துக்குள் போனால் குப்பைத் தொட்டி வாடை, ஏசி கக்கும் சூடு, குறுக்கே நிற்கும் சரக்கு வண்டி. சரக்கு இறக்க நேரம் குறிக்க வேண்டும், தொட்டிகளை ஒரே இடத்தில் மூடி வைக்க வேண்டும், ஒரு பின்கதவாவது சந்துப் பக்கம் கடையாகத் திறக்க வேண்டும். வெறும் சுவர்களுக்கு நடுவே யாரும் நின்று பேச மாட்டார்கள். சாக்கடை மூடியின் இடைவெளியில் சக்கர நாற்காலி சிக்காமலும், தீயணைப்பு வண்டி நுழைய வழி அடைபடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, இரவில் அந்த நாற்காலிகளை எடுத்து உள்ளே வைப்பது யார்? காலையில் கூட்டுவது யார்? திறப்பு விழாவுக்கு முன்பே பெயர் சொல்லி முடிவு செய்துவிடுங்கள்.